அலமாரி கேட்ட அறை: ஒரு ஸ்க்ராப்புக் மூலையைச் சீரமைத்த நிகழ்வு ஆய்வு

அறையும் கோரிக்கையும்

பத்துக்குப் பதினொரு அடி அறை. வீட்டில் அதற்கு இரண்டு வேலை. யாராவது வந்து தங்கினால் விருந்தினர் அறை, மற்ற நாட்களில் ஸ்க்ராப்புக் (படங்களை அலங்காரத் தாளில் ஒட்டிச் செய்யும் ஆல்பம்), வாழ்த்து அட்டை, சின்னச் சின்னக் காகிதக் கைவேலை நடக்கிற இடம். ஒரு கட்டில், ஜன்னலைப் பார்த்தபடி நான்கடி மேசை, சுவர் அலமாரியில் இரண்டு தட்டு, கட்டிலுக்கு அடியில் பைகள். குடும்பப் படங்களை ஆண்டுவாரியாக ஆல்பமாக்குவது இந்த வீட்டுப் பெண்மணியின் நெடுநாள் பழக்கம். வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில் என்பதால் என்னைக் கூப்பிட்டார். கேட்டது ஒன்றுதான்: "இன்னொரு அலமாரி எங்கே போடலாம்னு பார்த்துச் சொல்லுங்க."

கைவேலை செய்பவர்கள் வீட்டில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்டிருக்கிறேன். அப்படியே நம்பி ஓர் அலமாரியைப் போட்டால் சில மாதங்களில் அதுவும் நிரம்பிவிடும், மேசை மட்டும் பழையபடி இருக்கும். அதனால் அளவு நாடாவை எடுக்கும் முன், வழக்கமாகச் செய்வதுபோல ஒரு பக்கம் செய்து காட்டச் சொன்னேன். அவர் செய்தார், நான் ஓரமாக உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் உருவான விதம்

முதலில், மேசையில் உட்காரவே முடியவில்லை. மூன்று பக்கங்கள் பாதியில் கிடந்தன. ஒன்றில் படங்கள் ஒட்டப்படாமல் வெறுமனே அடுக்கியிருந்தன, அசைத்தால் குலைந்துவிடும். அதனால் அவற்றைத் தொடாமல் வெட்டும்போது அடியில் போடும் கட்டிங் மேட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். மெத்தைமேல் மேட் ஆடும், ஆடுகிற மேட்டில் கட்டர் நேராகப் போகாது. தாளுக்காகக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். தாளை நேராக வெட்டும் டிரிம்மர் அலமாரியின் மேல்தட்டில், ஆல்பங்களுக்குப் பின்னால் இருந்தது. இருபக்க டேப் எங்கே என்று தெரியவில்லை, புது உருளையைப் பிரித்தார். பழையது பிறகு மேசையில் ஒரு பாதிப் பக்கத்துக்கு அடியில் அகப்பட்டது. பின்னாளில் பைகளைக் கவிழ்த்தபோது, இப்படிப் பிரித்துப் பாதியில் விட்ட உருளைகள் இன்னும் நான்கு வந்தன, ஓரமெல்லாம் தூசி அப்பிக்கொண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற அமெரிக்கத் தம்பதி வேலை செய்பவர்களின் கையசைவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். தேடுவது, தேர்ந்தெடுப்பது, பிடிப்பது, கொண்டுவருவது, பயன்படுத்துவது என்று ஒவ்வோர் அசைவுக்கும் தனிக் குறியீடு வைத்தார்கள். அந்த அலகுக்குத் தங்கள் குடும்பப் பெயரையே கிட்டத்தட்டத் திருப்பிப்போட்டு 'தெர்ப்லிக்' என்று பெயரிட்டார்கள். ஃபிராங்க் கொத்து வேலையில் தொடங்கியவர். ஒவ்வொரு செங்கல்லுக்கும் குனிந்து நிமிர வேண்டாமே என்று, செங்கற்களைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கும் சாரத்தை வடிவமைத்தவர். என் குறிப்புகளை அவர்கள் முறைப்படி பிரித்துப் பார்த்தேன். தேடுவதும் கொண்டுவருவதும் தாளை நிறைத்துக்கொண்டிருந்தன. வெட்டுவதும் ஒட்டுவதும் நடுநடுவே தலைகாட்டின, அவ்வளவுதான்.

இதிலிருந்து வந்த முடிவு இது: அந்த அறையில் பொருளுக்கெல்லாம் ஏதோ ஓர் இடம் இருந்தது. பாதியில் நிற்கும் வேலைக்குத்தான் இடமே இல்லை. ஸ்க்ராப்புக் பக்கம் ஒரே மூச்சில் முடிகிற சங்கதி இல்லை. ஒரு படம் அச்சாகி வர வேண்டியிருக்கும், பசை காய வேண்டியிருக்கும், தலைப்புக்கு என்ன எழுதுவது என்று தோன்றாமல் நாலு நாள் போகும். அதுவரை அந்தப் பக்கம் மேசையில்தான் இருக்கும். மூன்று பக்கங்கள் காத்திருந்தால் மேசை போச்சு. அடுத்து கட்டிலுக்குப் போவார். விருந்தினர் வந்தால் அதுவும் போச்சு, எல்லாவற்றையும் வாரிப் பையில் போட வேண்டியதுதான். பையிலிருந்து திரும்ப எடுக்கும்போது எந்தத் துண்டு எந்தப் பக்கத்துக்கானது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பக்கம் அத்தோடு நின்றுவிடும். புது அலமாரி வந்தால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறாது.

வேலைக்கு ஒரு தட்டு

எனவே முதலில் போட்டது டிரே அடுக்கு. மேசைக்குப் பக்கவாட்டில், தரையிலிருந்து மேசை மட்டம் வரை ஒரு சட்டம், அதில் இழுத்துச் செருகும் ஐந்து டிரேக்கள். ஒரு டிரே ஒரு பக்கத்துக்கு. அடித்தாள், படங்கள், வெட்டிய பூக்கள், தேர்ந்தெடுத்த ஸ்டிக்கர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். எழுந்து போகும்போது டிரேயைச் செருகிவிட்டால் மேசை காலி.

அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்க்ராப்புக் தாளின் வழக்கமான அளவு 12×12 அங்குலம், அதாவது 30.5 செ.மீ. சதுரம். அலுவலகத்துக்கென்று விற்கும் டிரே, ஃபைல், இழுப்பறை எல்லாம் பெரும்பாலும் ஏ4 தாளுக்கானவை. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.தான். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவு வெளி அளவாகவும் இருக்கக்கூடும். உள்ளளவு 33 செ.மீ.யாவது இருந்தால்தான் தாளின் முனை மடங்காமல் விரல் விட்டு எடுக்க முடியும். ஆழம் 4, 5 செ.மீ. போதும். ஆழம் கூடினால் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடத் தோன்றும், அப்புறம் அது டிரே இல்லை, இன்னொரு பை.

ஒட்டாமல் அடுக்கிவைத்த பக்கத்தின் மேல் ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் தாள் போட்டால் இழுக்கும்போது துண்டுகள் நகராது. அடுக்கியதை ஃபோனில் ஒரு படம் எடுத்துவைத்தால் நகர்ந்தாலும் கவலை இல்லை. இவற்றையெல்லாம்விட அதிகம் உதவியது ஒரு துண்டுச் சீட்டு. எழுந்திருக்கும் முன் அதில் ஒரே வரி: அடுத்து என்ன செய்ய வேண்டும். 'இடது ஓரம் நூல் தைக்கணும்', 'படம் 4 அச்சாகி வரணும்' என்பதுபோல. மறுபடி உட்காரும்போது, எங்கே விட்டோம் என்று யோசிக்கிற நேரம் முழுக்க மிச்சம்.

ஒரு கண்டிப்பு மட்டும் வைத்தோம். டிரேக்குள் கருவி போகக்கூடாது. கத்தரிக்கோல், டேப், பசை எதுவும். டேப் உருளைகள் காணாமல்போனது அப்படித்தான், பாதி வேலையோடு அவையும் மூட்டை கட்டப்பட்டுவிடும்.

கைக்கு எட்டும் தூரம்

ஒவ்வொரு பக்கத்துக்கும் தேவைப்படும் கருவிகள் உண்மையில் கொஞ்சம்தான்: கத்தரிக்கோல், கட்டர், இரும்பு ஸ்கேல், பென்சில், இருபக்க டேப், திரவப் பசை, சின்னத் துண்டுகளைப் பிடிக்கும் சாமணம், மடிப்பை அழுத்தும் கட்டை. சமையலில் உப்பு, எண்ணெய், கரண்டி மூன்றும் அடுப்பருகே இருக்கும், வடகப் பலகை பரணில் இருக்கும் அல்லவா, அந்தக் கணக்குதான் இங்கேயும். உட்கார்ந்தபடி முழங்கையை அசைக்காமல் எட்டும் தூரம் சுமார் 40 செ.மீ., கையை நீட்டினால் சுமார் 60. அந்த எட்டுப் பொருளும் கைப்பிடி வைத்த ஒரே டப்பாவில் முதல் வட்டத்துக்குள் வந்தன. பன்ச், அலங்காரக் கத்தரிக்கோல், சூடேற்றும் கருவி போன்ற எப்போதாவது எடுப்பவை எழுந்துபோய் எடுக்கும் இடத்துக்குப் போயின. எழுந்து எடுப்பதில் தப்பில்லை, குனிந்து தேடுவதுதான் ஆளைச் சோர்வாக்குகிறது.

திரவப் பசையைக் கவிழ்த்து நிறுத்த டப்பாவில் ஒரு குழி ஒதுக்கினோம். பசை வாய்க்கு அருகிலேயே நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டாம். பசைக்கும் ஸ்க்ராப்புக் செய்பவர்களுக்கும் நடக்கிற சண்டை பழசு. மார்க் ட்வைன் 1873இல் ஒரு ஸ்க்ராப்புக்குக்குக் காப்புரிமை பெற்றார். பக்கங்களில் பசை முன்கூட்டியே தடவியிருக்கும், ஈரப்படுத்தி ஒட்டவேண்டியதுதான். எழுத்தாளருக்கே அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கத் தோன்றியிருக்கிறதென்றால் எரிச்சல் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

தாள்

அறையில் அதிக இடத்தையும் அதிக எடையையும் பிடித்திருந்தது தாள்தான். இதில் எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 216 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 216 கிராம்) கார்டுஸ்டாக், அதாவது கெட்டித் தாள், 12 அங்குலச் சதுரத்தில் ஒன்று 20 கிராம். நூறு தாள் 2 கிலோ, ஐந்நூறு சேர்ந்தால் 10 கிலோ. சுவரில் ஆணியடித்து மாட்டிய மெல்லிய தட்டில் இதை ஏற்றினால் தட்டு நடுவில் தொய்யும், தாளும் அதோடு வளையும். அதனால் தாளைக் கீழே இறக்கினோம். சுவர் அலமாரியில் அடித்தட்டு தாளுக்கு, மேல்தட்டு எடை குறைந்தவற்றுக்கு.

நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா என்று பெரிய விவாதமே நடக்கும். நிறுத்தினால் எடுப்பது சுலபம், நிறம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இறுக்கமாக நிற்க வேண்டும். பெட்டியில் இடைவெளி விட்டால் தாள் சரிந்து வில்லாக வளைந்துவிடும். படுக்க வைத்தால் வளையாது, ஆனால் அடுக்கு உயர்ந்தால் அடியில் இருப்பதை எடுக்கும்போது மேலே இருப்பது கசங்கும். இங்கே இரண்டையும் வைத்துக்கொண்டோம். கனமான வெற்றுக் கார்டுஸ்டாக் நிற்கிறது, நடுநடுவே விறைப்பான அட்டைத் தடுப்புகளுடன். படமோ வடிவமோ அச்சிட்ட மெல்லிய அச்சுத் தாள்கள் 3 செ.மீ.க்கு மேல் உயராத அடுக்குகளாகப் படுத்திருக்கின்றன.

அதைவிட முக்கியம் எப்படிப் பிரிப்பது என்பது. முன்பு எல்லாவற்றையும் வானவில் வரிசையில் அடுக்கியிருந்தார். பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் வெற்றுத் தாளைத் தேடும்போது அவர் நிறத்தை நினைக்கிறார், அச்சுத் தாளைத் தேடும்போது பிறந்த நாள், கடற்கரை, பள்ளி என்று விஷயத்தை நினைக்கிறார். கடற்கரைத் தாளில் பாதி நீல அடுக்கில், மீதி மஞ்சள் அடுக்கில். கடற்கரைப் பக்கம் செய்ய இரண்டையும் கலைக்க வேண்டும். அதனால் வெற்றுத் தாள் நிறவாரியாக, அச்சுத் தாள் விஷயவாரியாக என்று பிரித்தோம். கை எப்படித் தேடுகிறதோ அப்படி அடுக்கினால் போதும். படம் பிடித்துப் பிறருக்குக் காட்ட வேண்டுமானால் வானவில்லே நல்லது.

மிச்சத் துண்டுகள் தனிக் கதை. தூக்கிப்போட மனசு வராது, எடுத்துப் பயன்படுத்தவும் மாட்டோம். உள்ளங்கையைவிடச் சிறியது உடனே குப்பைக்கு, பெரியது ஒரே ஒரு பெட்டிக்கு என்று வைத்தோம். பெட்டி நிரம்பினால் வாழ்த்து அட்டைகளுக்கு அதிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இந்த விதியை அவர் பாதி நாள் கடைப்பிடிக்கிறார், பாதி நாள் இல்லை.

மை, ஸ்டாம்ப், மார்க்கர்

இவை சீக்கிரம் முடிந்தன. இங்க் பேட்களை அடுக்கில் தலைகீழாக வைத்தோம், மை மேற்பரப்பை நோக்கி இறங்கி நிற்கும். செங்குத்தாக நிறுத்தினால் ஒரு பக்கம் மட்டும் ஊறிவிடும். இருமுனை ஆல்கஹால் மார்க்கர்கள் படுத்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு முனை வழியும், மறு முனை காயும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஸ்டாம்ப்கள் (மை தொட்டுத் தாளில் உருவம் பதிப்பவை) வெயில் பட்டால் மஞ்சளாகிக் கெட்டிப்படும். அவை ஜன்னல் விளிம்பில் கிடந்தன, மூடிய பெட்டிக்கு மாற்றினோம். மை பட்ட கறை இருந்தால் பரவாயில்லை, ஸ்டாம்ப் கெடாது. தாளைப் பூ, இலை வடிவில் வெட்டும் அச்சுகள் மெல்லிய இரும்புத் தகடு என்பதால் காந்தத் தாளில் ஒட்டி ஃபைல்போல் அடுக்கியாயிற்று.

மேசையின் திசையும் வெளிச்சமும்

மேசை ஜன்னலைப் பார்த்து இருந்ததால் பகலில் கண் கூசும், கட்டிங் மேட் வெயிலில் கிடந்து வளைந்திருந்தது. மேசையைத் திருப்பி ஜன்னலுக்குக் குறுக்காகப் போட்டோம். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. அவர் இடது கைக்காரர். வெளிச்சம் இடப்பக்கம் இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்வது வலது கைக்காரர்களுக்காக. இவருக்கு அப்படிப் போட்டால் வெட்டும் கோட்டின் மேல் சொந்தக் கையின் நிழலே விழும். ஜன்னல் வலப்பக்கம் வரும்படி திருப்பினோம், கருவி டப்பா இடப்பக்கம் போனது.

இரவு வேலைக்கு விளக்கு. அறையில் இருந்தது 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் வெள்ளையும் சந்தன நிறமும் ஒன்றுபோலத் தெரியும். ராத்திரி பொருத்தம் பார்த்து ஒட்டியது காலையில் வேறு நிறமாக விடிவது அவருக்குப் பழகிப்போயிருந்தது, 'அச்சு சரியில்லை' என்றே நினைத்திருந்தார். மேசைக்கு மட்டும் 4000 முதல் 5000 கெல்வின் வரம்பில், நிறக் குறியீட்டு எண் (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 90க்கு மேல் உள்ள விளக்கு போட்டதும் அந்தப் புகார் நின்றது. நிற்கும்போது டிரிம்மரை அழுத்த இடுப்பளவு உயரம் வசதி, சுமார் 90 செ.மீ. உட்காரும் மேசை 75 தான். அதற்காக இரண்டு மேசை போட இடம் இல்லை. டிரே அடுக்குக்கு மேலே ஒரு விறைப்பான பலகை வைத்து உயர்த்தி, டிரிம்மரை அதில் நிரந்தரமாக நிறுத்திவிட்டோம். தாளுக்காக நடந்துபோகிறவர் வரும் வழியிலேயே வெட்டிக்கொண்டு வருகிறார்.

படங்கள்

மற்றதெல்லாம் போனால் திரும்ப வாங்கலாம், பழைய படங்கள் அப்படி இல்லை. பைகளில் கிடந்தவற்றில் சில கட்டுகள் ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருந்தன. ரப்பரில் உள்ள கந்தகம் படத்தைக் கறைப்படுத்தும், காலப்போக்கில் ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும். கிளிப்புகள் துருவாகியிருந்தன. ஒரு பழைய ஆல்பம், ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் உறையும் கொண்ட வகை. அதிலிருந்து படத்தை உரிக்க முயலும் முன், அப்படியே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கச் சொன்னேன். எளிதாக வருவதை மட்டும் எடுத்தோம், மற்றதை வற்புறுத்தவில்லை.

புதிதாக வைக்கும் இடத்துக்குப் பார்க்க வேண்டியவை சில. தாள் அமிலமும் லிக்னினும் (மரத்தில் இயல்பாக உள்ள ஒரு பொருள்) இல்லாததாக இருக்க வேண்டும். செய்தித்தாள் மஞ்சளாவதற்கு லிக்னின் ஒரு முக்கியக் காரணம், அதனால் பத்திரிகைத் துணுக்கை அசலாக ஒட்டாமல் நல்ல தாளில் நகலெடுத்து ஒட்டலாம். உறை பிவிசியாக இருக்கக்கூடாது, பாலிபுரொப்பிலீன், பாலியெஸ்டர், பாலிஎத்திலீன் மூன்றும் பாதுகாப்பானவை. உறையோ பசையோ படத்தைப் பாதிக்குமா என்று பார்க்கும் சோதனைக்கு ஐஎஸ்ஓ 18916 என்ற தரநிலை இருக்கிறது. 'படத்துக்குப் பாதுகாப்பானது' என்று பொதுவாக அச்சிட்டிருப்பதைவிட அந்த எண் இருந்தால் கொஞ்சம் நம்பலாம்.

ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை இருப்பது படங்களுக்கு நல்லது. அதிகமானால் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகி ஒன்றோடொன்று ஒட்டும், பூஞ்சையும் வரும், தாளையும் பசையையும் தின்னும் வெள்ளிப்பூச்சிக்கும் கொண்டாட்டம். கட்டிலடியில், வெளிச்சுவரை ஒட்டிக் கிடந்த பைகள் அதற்கு மோசமான இடம். படங்களை மூடி இறுகும் பெட்டிகளுக்கு மாற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டோம். திறந்த அலமாரியில் அதைப் போடுவது வீண், அறைக் காற்றையெல்லாம் அது உலர்த்தாது. முடிந்த ஆல்பங்கள் அலமாரியில் நெருக்கமாக நிற்கின்றன. மணி, பொத்தான், உலோக அலங்காரம் ஒட்டிய ஆல்பத்தைப் படுக்கவைத்து மேலே இன்னொன்றை ஏற்றினால் அதன் தடம் அடுத்த பக்கப் படத்தில் பதிந்துவிடும்.

நிற்காதவை

துளைப்பலகை ஒன்றைச் சுவரில் மாட்ட அவருக்கு ரொம்ப ஆசை. மாட்டினோம். கொக்கி நுழையப் பின்னால் இடைவெளி வேண்டும் என்பதால் கட்டைச் சட்டம் வைத்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது. ஆனால் அவர் அதிகம் எடுக்கும் எட்டுப் பொருளும் டப்பாவில் இருக்க, பலகையில் தொங்கியவை வருடத்துக்கு ஒரு முறை எடுப்பவை. தூசி சேர்ந்ததுதான் மிச்சம். இப்போது அதில் வாஷி டேப் (அலங்காரக் காகித டேப்) உருளைகள் கோத்த ஒரு கம்பியும் ரிப்பன்களும் மட்டும் உள்ளன. அது சரியான பயன்தான், ஏனென்றால் அவற்றைப் பார்த்தால்தான் எடுக்கத் தோன்றும்.

லேபிள்களும் பாதி உதிர்ந்துவிட்டன. 'ஸ்டிக்கர்: பூ: சிறியது' என்ற அளவுக்கு நுணுக்கமாக எழுதியவை ஒன்றுகூட மிஞ்சவில்லை, திருப்பி வைக்கும்போது யார் அவ்வளவு யோசிப்பார்கள்? 'ஸ்டிக்கர்' என்று மட்டும் இருந்த பெட்டி ஒழுங்காக இருக்கிறது.

இப்போதைய நிலை

அதன்பின் விருந்தினர் வந்திருக்கிறார்கள். டிரேக்களைச் செருகி, டப்பாவை அலமாரியில் ஏற்றி, அறையைக் கொடுத்துவிட்டார். அவர்கள் போனதும் அதே பக்கத்தில் வேலையைத் தொடர்ந்தார். மேசையில் கிடந்த மூன்று பாதிப் பக்கங்களும் முடிந்துவிட்டன. புது அலமாரி வாங்கவில்லை. கட்டிலடியில் இப்போது இரண்டு பெட்டிகள் மட்டும், இரண்டிலும் கைவேலைப் பொருள் எதுவும் இல்லை.

முடியாதது ஒன்று. ஐந்து டிரேயும் நிரம்பியதும் ஆறாவது கேட்டார். சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதற்காகத்தானே ஐந்தோடு நிறுத்தினோம் என்றேன். "நீங்க சொல்றது புரியுது, ஆனா இந்தப் பக்கம் இப்பவே தொடங்கணும்" என்று ஆறாவதைச் செருகிவிட்டார். போன முறை போனபோது கீழிருந்த இரண்டு டிரேக்கள் அசையவே இல்லை, சீட்டில் பழைய வரிதான். அவற்றில் ஒன்றைக் கலைத்துத் தாளைத் தாள் அடுக்குக்கும் படங்களைப் பெட்டிக்கும் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். எதைக் கலைப்பது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.